முன்னால் தள்ளினால் நிற்கும்

காலை மணி ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது என் அண்ணனின் வலது கால். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்த அவன், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தான். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை.

அண்ணன் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். நாற்பதடி கன்டெய்னரை ஒரு கையால் வளைத்துக்கொண்டே மறு கையால் டீ குடிப்பவன். அவன் கால் அப்படி விறைத்து நான் பார்த்ததில்லை.

"எண்ணே, வண்டி ஓடல."

"தெரியும்ளா. முன்கூட்டியே பிடிச்சு வைக்கேன்."

நாங்கள் இருந்த இடம் உப்பளத்துக்குள் போகும் மண்பாதை. இரண்டு பக்கமும் பாத்திகள், பாத்திகளில் கலங்காத தண்ணீர், தூரத்தில் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். வண்டி ஓட்டப் பழக இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது. மோதுவதற்கு எதுவும் இல்லை என்றான் அண்ணன். விழுவதற்கு நிறைய இருந்தது என்பதை அவன் சொல்லவில்லை.

இரண்டு வயதில் போலியோ வந்ததிலிருந்து என் கால்கள் இரண்டும் ஓய்வில் இருக்கின்றன. இடுப்பிலிருந்து இரும்புச் சட்டமும் இரண்டு ஊன்றுகோல்களும் என்னை வீட்டிலிருந்து வாசல் வரைக்கும் கொண்டுவிடும். வாசலிலிருந்து ஆபீசுக்கு, பின்னால் இரண்டு உபரிச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். இருபது வருடமாக ஒரு நாளிதழின் தூத்துக்குடி அலுவலகத்தில் துணையாசிரியர் வேலை. நிருபர்கள் அனுப்புகிற செய்தியில் பிழை திருத்தி, தலைப்பு வைத்து, பக்கத்தில் உட்காரவைப்பது. சங்கு குளிப்பவர் எத்தனை பாகம் ஆழம் இறங்குவார் என்பதை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். சங்கு குளிப்பவர் ஒருவரையும் கரையில் வைத்துப் பார்த்ததில்லை. பெரியதாழையில் கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு நடந்த உண்ணாவிரதம், வேம்பாரில் கரை ஒதுங்கிய கடல்பசு, எல்லாமே எனக்கு அடுத்தவர்களின் எழுத்துப் பிழைகள் வழியாகத்தான் தெரியும்.

அந்த வருடம் கடற்கரைச் செய்திகளைப் பார்த்துவந்த நிருபர் மாற்றலாகிப் போனார். இடம் காலி. நான் போய்க் கேட்டேன். பொறுப்பாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இல்லை என்று சொல்லப்போகும்போது அவர் அதைச் செய்வதில்லை என்பதால் எனக்கு நம்பிக்கை வந்தது.

"கரை வேம்பார்ல இருந்து பெரியதாழை வரைக்கும் இருக்கும்மா. எப்படிப் போவீங்க?"

"ஸ்கூட்டர்ல."

"ஜூன் மாசக் காத்துல உங்கள பெரியதாழையில கெளப்பிவிட்டா மணப்பாட்டுலதான் பொறுக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "காரும் லைசென்சும் இருந்தா சொல்லுங்க. ஜூலை ஒண்ணாந்தேதி வரைக்கும் யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது. திருநெல்வேலியில ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

அப்போது ஏப்ரல் தொடங்கியிருந்தது. கியர் மாற்றத் தேவையில்லாத பழைய கார் ஒன்றை அண்ணன் மதுரையில் பார்த்து வாங்கிவந்தான். கால் மிதிகளைக் கையால் இயக்குவதற்கான கருவி கோயம்புத்தூரிலிருந்து அட்டைப் பெட்டியில் வந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல், அதிலிருந்து இரண்டு கம்பிகள், ஒன்று ஆக்சிலேட்டருக்கு, ஒன்று பிரேக்குக்கு. ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் திருப்ப ஒரு உருண்டைப் பிடி. கூடவே படம் போட்ட ஒரு தாள்.

மாட்டுவதற்கு ஊரில் இருந்த மூன்று கார் மெக்கானிக்குகளும் மறுத்தார்கள். பிரேக் விஷயம், நாங்க கைவைக்க மாட்டோம் மேடம் என்றார்கள். அது நியாயமான பயம்தான். நான் நேராகத் திரேஸ்புரம் கரையில் வள்ளங்களுக்கு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக்கிடம் போனேன். பன்னிரண்டு வருடமாக என் ஸ்கூட்டரின் பின்சக்கரச் சட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். உப்புக்காற்றில் அது வருடத்துக்கு ஒருமுறை பொரிந்து உதிரும். ஒருநாள் கோபம் வந்து முழுச் சட்டத்தையும் எவர்சில்வரில் செய்து கொடுத்தார். அதிலிருந்து ஸ்கூட்டரின் மற்ற பாகங்கள் உதிர்ந்தன, சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

அவர் பெட்டியைத் திறந்து, கம்பிகளை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம கரையில மூணு மாசம் தாங்காதுக்கா" என்றார். எல்லாவற்றையும் எவர்சில்வரில் மறுபடி செய்தார். அதுவரை சரி. பிறகு படம் போட்ட தாளை எடுத்தார். நெம்புகோலை முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம் என்று அம்புக்குறிகள் காட்டின.

"எக்கா, அம்புக்குறிய மாத்திப் போட்டிருக்கான்."

"அப்படியா?"

"பின்ன? முன்னால தள்ளுனா முன்னால போவணும். பின்னால இழுத்தா நிக்கணும். ஒலகத்துல எந்த வள்ளத்துலயும் அப்படித்தான். தள்ளுனா நிக்கும்னா எவனாவது கேப்பானா?"

நான் தாளை வாங்கிப் படித்தேன். ஒரே பக்கத்தில் மூன்று எழுத்துப் பிழைகள். மூன்று விட்டவன் நாலாவதும் விட்டிருப்பான் என்று என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. தினமும் சாயங்காலம் அச்சுப் பிழைகளோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு அச்சில் எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான் முதலில் வரும். "நீங்க சொல்றதுதான் சரி" என்றேன். அவர் கூடுதலாக ஒரு மூட்டு வைத்து இரண்டையும் மாற்றி மாட்டினார். கோயம்புத்தூருக்கு ஒரு போன் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஓர் இன்ஜின் மெக்கானிக்கும் ஒரு துணையாசிரியரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டால் யாருக்கும் போன் போடத் தோன்றாது.

அப்படித்தான் அந்தக் காலை ஆறு பத்துக்கு உப்பளப் பாதையில் நெம்புகோலை முன்னால் தள்ளினேன். வண்டி முன்னால் போனது. அண்ணனின் கால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

எல்.எல்.ஆர். எடுத்து ஒரு மாதத்துக்கு மேல் பழகினேன். வாரத்தில் ஐந்து நாள், அண்ணனின் ஷிப்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம். கையால் ஓட்டுவதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு கஷ்டம் உண்டு. எங்கள் ஊரில் சாலையில் பேச்செல்லாம் கையால்தான். நீ போ, நான் போறேன், கண்ணு தெரியலையா, அண்ணாச்சி நல்லாருக்கீங்களா, எல்லாவற்றுக்கும் கைதான். என் வலது கை ஸ்டியரிங்கில், இடது கை நெம்புகோலில். பேச எனக்கு மிச்சம் இருந்தது தலை மட்டும். ஒரு வாரத்தில் புருவத்தால் வழி விடவும் தாடையால் திட்டவும் கற்றுக்கொண்டேன். எதிரே வந்த தண்ணீர் லாரிக்காரர் ஒருவர், நான் ஏதோ ஜாடை காட்டுகிறேன் என்று நினைத்து, வெட்கப்பட்டுக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

மே மாதக் கடைசியில் நெம்புகோல் என் கையோடு ஒட்டிவிட்டது. தள்ளினால் ஓட்டம், இழுத்தால் நிறுத்தம். யோசிக்கவே வேண்டாம். அண்ணன்கூட இரண்டு தடவை தூங்கினான். ஜூன் இரண்டாவது வாரத்தில் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஆய்வுக்குக் கொண்டுபோனோம். வண்டியில் செய்த மாற்றத்தை முதலில் பார்த்து ஒப்புக்கொண்டால்தான், அந்த வண்டியில் எனக்கு ஓட்டும் தேர்வு வைப்பார்கள்.

தேர்வு மைதானத்தில் வேப்பமரத்தடியில் காக்கி உடுப்போடு பிரேக் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி மடிப்பு கலையாத மனிதர். ஊர்ப்பேச்சு இல்லை, வடக்கே எங்கிருந்தோ வந்தவர். வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். குனிந்து எவர்சில்வர் கம்பிகளைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல வேலையா இருக்கே. யார் செஞ்சது?"

"படகு மெக்கானிக் சார்."

அவர் கம்பியை இன்னொரு தடவை தட்டினார். "நானே ஓட்டிப் பாக்கணும்" என்று கதவைத் திறந்தார். சாதாரண மிதிகளும் வண்டியில் அப்படியே இருந்தன. அவருக்கு அது பிடிக்கவில்லை. கால் தன்னால் போய் மிதித்துவிடும், பிறகு எப்படிக் கைக்கருவியைச் சோதிப்பது என்றார். இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளினார். பூட்சைக் கழற்றி மரத்தடியில் ஜோடியாக வைத்தார். பிறகு, அத்தனை பேர் பார்க்க, டிரைவர் இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கந்தூரி விருந்தில் பந்திக்கு உட்கார்ந்தவர் மாதிரி அவர் மைதானத்தைச் சுற்றி வந்தார். எட்டுப் போட வந்திருந்தவர்கள் பைக்குகளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் வெளியே ஊன்றுகோல்களில் நின்றேன். முதல் சுற்று நத்தை வேகம். இரண்டாவது சுற்றில் முகம் தெளிந்தது. மூன்றாவது சுற்றில் கொஞ்சம் வேகம் எடுத்து, சட்டென்று நெம்புகோலை இழுத்துப் பிரேக் போட்டார்.

வண்டி நிற்க ஆரம்பித்தது. அவர் உடம்பு முன்னால் சாய்ந்தது. உடம்போடு கையும் முன்னால் போனது. கையில் நெம்புகோல் இருந்தது. வண்டி மறுபடி பாய்ந்தது. ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் இரண்டு உருண்டு போயின. அதற்குள் அவர் சம்மணத்தை அவிழ்த்து, காலால் மிதித்து, நிறுத்திவிட்டார்.

இறங்கி வந்தார். கோபம் இல்லை. கணக்கு வாத்தியார் மாதிரி கேட்டார்.

"மேடம், பிரேக் போட்டா உடம்பு எந்தப் பக்கம் போகும்?"

"முன்னால."

"அப்போ கை?"

"முன்னால."

"முன்னால என்ன வச்சிருக்கீங்க?"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"அதனாலதான் உலகத்துல எல்லாரும் முன்னால பிரேக்க வைக்கிறாங்க. உடம்பு சாயச் சாய பிரேக் இன்னும் அழுத்தும். நீங்க வச்சிருக்கிறதுல உடம்பு சாய்ஞ்சா வண்டி ஓடும். இதுக்கு நான் கையெழுத்துப் போட்டா, அடுத்த தடவை உங்கள ஆஸ்பத்திரியிலதான் பாக்கணும்." பூட்சைப் போட்டுக்கொண்டே சொன்னார். "மாத்திட்டு இருபத்தஞ்சாம் தேதி வாங்க. அன்னிக்கே வண்டி, டெஸ்ட் ரெண்டையும் பாத்துடறேன்."

இடையில் பதினோரு நாள் இருந்தது. இருபத்தைந்தில் தவறினால் அடுத்த தேதி ஜூலையில்தான். ஜூலையில் கடற்கரை திருநெல்வேலிக்காரருடையது.

அன்று மதியமே திரேஸ்புரம். மெக்கானிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கையைத் துடைத்தார்.

"அவருக்கு வண்டி தெரியும், ஓட்டம் தெரியுமாக்கா? எங்க அப்பா காலத்துல இருந்து..."

"உடம்பு முன்னால சாயும்னு சொல்லுதாரு."

"எதுக்குச் சாயணும்? நல்லா நிமிந்து உக்காந்தா சாயாது."

விவாதம் வளராமல் இருக்க அவரே ஒரு சோதனை சொன்னார். மீன்பெட்டி ஏற்றும் நாலு சக்கரத் தட்டுவண்டி ஒன்று கரையில் நின்றது. அதில் ஏறி உட்கார்ந்து, ஒரு பெரிய ஸ்பானரைத் தொடைமேல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். அதுதான் நெம்புகோல். அண்ணன் பின்னாலிருந்து தள்ள வேண்டும், சொல்லாமல் நிறுத்த வேண்டும். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"ஏலே, மெதுவாத் தள்ளு, அவரு மாப்ள ஊர்வலம் வாராரு" என்றார் ஒருவர்.

அண்ணன் சிமென்ட் தளத்தில் தள்ளிக்கொண்டு ஓடினான். மெக்கானிக் நிமிர்ந்து, மார்பை விரித்து, கடலைப் பார்த்தபடி வந்தார். அண்ணன் சடாரென்று பிடித்து நிறுத்தினான். மெக்கானிக் முன்னால் மடிந்தார். ஸ்பானர் அவர் கையை விட்டுப் போய், ஒரு வள்ளத்தின் பக்கப்பலகையில் டங்கென்று பட்டு, தண்ணீரில் விழுந்தது.

"சேசுவே" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

தட்டுவண்டியிலிருந்து இறங்கி வந்தார். பிறகு என்னிடம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "கடல்ல சட்டுன்னு நிக்கிற சோலியே கிடையாதுக்கா. அதான் தெரியாமப் போச்சு" என்றார். அன்று வேறு வேலை எடுக்கவில்லை. வெளிச்சம் போவதற்குள் கூடுதல் மூட்டைக் கழற்றி, தாளில் இருந்த அம்புக்குறிப்படியே எல்லாவற்றையும் மாட்டி, பிரேக் கம்பியில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். ஸ்பானரை எடுத்துத் தர ஒருவர் முங்கினார். முங்கியவர் சங்கு குளிப்பவர் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்த்த முதல் சங்கு குளிப்பவர் ஸ்பானரோடு மேலே வந்தார்.

வண்டியைத் திருத்த ஒரு மதியம் போதுமாக இருந்தது. என் கையைத் திருத்த அது போதவில்லை.

மறுநாள் காலை உப்பளத்தில் முதல் முறை தள்ளினேன், போகவேண்டும் என்று. வண்டி அசையவில்லை. இழுத்தேன். போனது. அதுவரை பரவாயில்லை. நின்று யோசித்துச் செய்யும்போது கை சொன்னபடி கேட்டது. யோசிக்காதபோது பழைய முதலாளியிடமே ஓடியது. ஆபீசில் பிழை திருத்தும் நேரத்தில் அடிஸ்கேலை மேஜைமேல் நட்டுவைத்துப் பழகினேன். தள்ளு, நில். இழு, போ. எதிர் மேஜைக்காரர் ஒருநாள் முழுக்கப் பார்த்துவிட்டு, தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அண்ணன் ஒரு பாடத்திட்டம் வைத்திருந்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கத்துவான்.

"ஏளா, மாடு!"

நான் நிறுத்த வேண்டும்.

"ஆடு!"

"லாரி!"

"போலீஸ்காரன்!"

மூன்றாம் நாள் அவனுக்கு ஜந்துக்கள் தீர்ந்துவிட்டன. சொந்தக்காரர்களில் இறங்கினான்.

"சித்தப்பா!"

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"ஏளா, சித்தப்பா வந்தா நிப்பாட்ட மாட்டியா?"

"யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

ஐந்தாம் நாள் கத்தாமல் நிஜமாகவே ஒன்று வந்தது. ஒரு நாய், பாத்திக்குப் பாத்தி தாவிக் குறுக்கே ஓடியது. என் கை யோசிக்கவில்லை. இழுத்தது. வண்டி சீறிக்கொண்டு வரப்பில் ஏறி, முன்சக்கரம் இரண்டும் பாத்திக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரில் நின்றது. நாய் எங்கள் பின்னால் நின்று பார்த்தது.

வைப்பர் ஏனோ தானாக ஆடிக்கொண்டிருந்தது.

தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஆறேழு பேர், காலில் ரப்பர் பூட்சும் தலையில் துண்டுமாக வந்தார்கள். என்னை இறங்கச் சொன்னார்கள். ஊன்றுகோலைப் பார்த்ததும், வேண்டாம் உள்ளேயே இரு என்றார்கள். மூத்தவர் ஒருவர் ஜன்னலில் குனிந்து நெம்புகோலைப் பார்த்தார்.

"எம்மா, கையாலயா ஓட்டுத?"

"ஆமாக்கா."

"அப்ப காலு என்னத்துக்கு?"

"அது சும்மா கூட வருது."

"எங்க வீட்டுக்காரரு மாதிரின்னு சொல்லு" என்றார். அவர்கள் சிரித்த சிரிப்பில் முதல் இரண்டு தடவை தள்ளியும் வண்டி அசையவில்லை. மூன்றாவது தடவை பின்னால் வந்தது.

வீட்டுக்கு அண்ணன்தான் ஓட்டிவந்தான். வழியெல்லாம் சும்மா வந்தவன் வீட்டு வாசலில் வண்டியை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான்.

"ஏளா, உள்ள உக்காந்து எழுதுறதும் எழுத்துதான. விட்டுருவமா?"

அவன் கிண்டல் பண்ணவில்லை. சின்ன வயதில் என்னைச் சைக்கிள் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவன். கேரியரில் உட்கார்ந்து போகிறவருக்கு முன்னால் தெரிவது ஒரு சட்டையின் முதுகு மட்டும்தான் என்பது மிதித்தவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

"நாளைக்கு ஆறு மணி" என்றேன். "ஆறு பத்து" என்றான். அதுதான் அவன் ஒத்துக்கொள்ளும் விதம்.

மிச்ச நாட்களில் அவன் கத்துவதை நிறுத்தினான். அதற்குப் பதில், ஒரு பழைய கால்பந்தைச் சாக்கில் கட்டி வைத்திருந்து, நான் எதிர்பார்க்காத நேரத்தில் ஜன்னல் வழியாக வண்டிக்கு முன்னால் எறிந்தான். முதல் நாள் நான்கு தடவை பந்தின்மேல் ஏறினேன். மறுநாள் இரண்டு. இருபத்து மூன்றாம் தேதி ஒன்று. இருபத்து நாலாம் தேதி பந்து பாத்திக்குள் விழுந்து காற்று கொண்டுபோய்விட்டது. அதனால் அன்றைய முடிவு தெரியாமலே போனது.

இருபத்தைந்தாம் தேதி. இன்ஸ்பெக்டர் மறுபடி பூட்சைக் கழற்றினார், சம்மணம் போட்டார், சுற்றினார், பிரேக் அடித்தார். வண்டி நின்றது, டயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தாளில் ஏதோ குறித்தார். பிறகு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, "ரோட்டுக்குப் போங்க" என்றார். அண்ணன் மைதானத்தில் நின்றுகொண்டான். அங்கேயே நின்று தரையை மிதிப்பான் என்று எனக்குத் தெரியும்.

இழுத்தேன், போனது. இடப்பக்கம் திரும்பச் சொன்னார், திரும்பினேன். ஓரமாக நிறுத்தச் சொன்னார், தள்ளினேன். எல்லாம் யோசித்து யோசித்துச் செய்தேன். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "கொஞ்சம் வேகமா போங்க, இப்படிப் போனா பெட்ரோல் தீந்துடும்" என்றார். வேகம் எடுத்தேன்.

பைபாஸ் திருப்பத்துக்கு நூறடி முன்னால், வலப்பக்கச் சாலையிலிருந்து காற்றாலை இறக்கை ஒன்று வந்தது. துறைமுகத்திலிருந்து உள்ளே போகிற வெள்ளை இறக்கை. லாரியின் தலை எங்களைத் தாண்டி எப்போதோ திரும்பிவிட்டது. வால்தான் இன்னும் வந்துகொண்டிருந்தது. அது நேராக வராது, சாலையைப் பெருக்கிக்கொண்டு பக்கவாட்டில் வரும். விசில் சத்தம் கேட்டது. சிவப்புக் கொடி பிடித்த ஒருவர் எங்களை நோக்கி ஓடி வந்தார். கண்ணாடிக்கு வெளியே முழுக்க வெள்ளையாக ஏதோ வளர்ந்தது.

என் கை முன்னால் போனது. எனக்கு அது போன பிறகுதான் தெரிந்தது.

வண்டி நின்றது. இன்ஸ்பெக்டரின் தாள் வைத்த அட்டை டாஷ்போர்டில் மோதிக் கீழே விழுந்தது. இறக்கையின் நுனி, மெதுவாக, எங்கள் முன்கண்ணாடிக்கு எதிரே கடந்தது. அதில் கட்டியிருந்த சிவப்புத் துணி பானெட்டைத் தடவிவிட்டுப் போனது.

அவர் குனிந்து அட்டையை எடுக்கவில்லை. நெம்புகோலையும் அதன்மேல் இருந்த என் கையையும் பார்த்தார். கை இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது.

"போதும் மேடம். நின்னுடுச்சு."

இறக்கை திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. லாரி முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தது. எங்களுக்குப் பின்னால் பஸ், ஆட்டோ, மீன் வேன் என்று வரிசை கட்டி ஹாரன் அடித்தார்கள். கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பேப்பர்ல சார்."

அவர் இருக்கையில் நிமிர்ந்தார். "எங்க ஆபீசப் பத்தி எழுதிடுவீங்களோ?"

"அது வேற ஒருத்தர் பாக்குறது சார். எனக்குக் கடற்கரை."

"எப்போலேருந்து?"

"நீங்க பாஸ் போட்டா ஒண்ணாந்தேதியிலேருந்து."

அவர் வெளியே பார்த்தார். கொடிக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். இறக்கை திரும்ப இடம் போதவில்லை, எல்லாரும் முப்பதடி பின்னால் எடுக்க வேண்டும்.

"ரிவர்ஸ் பாக்கணும்னு இருந்தேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "எடுங்க."

பின்னால் பஸ் முனகிக்கொண்டே நகர்ந்தது. மீன் வேன்காரர் இறங்கி, இரண்டு கையாலும் வா வா என்று எனக்குச் சைகை காட்டினார். திரும்பிப் பார்த்து, மெல்ல இழுத்து, மெல்லத் தள்ளி, முப்பதடி பின்னால் போனேன். வேன்காரர் கையைக் குவித்து, நிற்கச் சொன்னார். நின்றேன். நன்றி சொல்லக் கை காலி இல்லை, புருவத்தை உயர்த்தினேன். அவர் திகைத்துப்போய் வேனுக்குள் ஏறிவிட்டார்.

மைதானத்துக்குத் திரும்பியதும் இன்ஸ்பெக்டர் அட்டையைப் பானெட்டில் வைத்து எழுதினார். தாளை என்னிடம் நீட்டினார். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "பாஸா, பெயிலா, என்னளா போட்டிருக்கு?" என்றான். அவன் கண்ணாடி கொண்டுவரவில்லை. நான் இரண்டு தடவை படித்தேன், பழக்கதோஷம். பிழை இல்லை. பாஸ்தான்.

"வீட்டுக்கு நீயே ஓட்டு" என்றான். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். நடுவழியில் கண்ணாடியில் பார்த்தேன். கால் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. வாய் திறந்திருந்தது, தூங்கிவிட்டான்.

லைசென்ஸ் அட்டை முப்பதாம் தேதி மதியம் தபாலில் வந்தது. பொறுப்பாசிரியர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார். "திருநெல்வேலிக்கு இல்லைன்னு சொல்லிடறேன்" என்றார்.

மறுநாள் காலை மணி ஏழரைக்கு, வள்ளங்கள் வந்து சேரும் கரையில் தனியாக வண்டியை நிறுத்தினேன். அன்று சாளை மீன் நிறைய வந்திருந்தது.